நிலவேம்பு புகட்டிய கை

தங்காக் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நாங்கள் இருந்த காலத்தில், காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டு முடிந்ததும் மலேரியாவுக்காக எல்லார் வாயிலும் கொயினா தண்ணீர் ஊற்றுவார்கள். விழுங்கினோமா என்று தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பார். அடக்கி வைத்திருந்து மரத்தடியில் துப்புவதில் நாங்கள் அவ்வளவு கெட்டிக்காரர்கள்.

என் நாலு வயது மகளுக்குக் காய்ச்சல் கண்டபோது அந்தத் தண்ணீர் லயத்து வீட்டுக்கே வந்தது. காய்ச்சல் விட்டது, கூடவே பசியும் போய்விட்டது. கஞ்சியைக் கண்டாலே முகத்தைத் திருப்பினாள். விலா எலும்பை எண்ணிவிடலாம்.

"மருந்துக் கசப்புல வயிறு மந்தமாயிருக்கும்மா. ஒரு வாரம் போனா சரியாயிடும்," என்றார் டிரெசர்.

ஒரு வாரம் பொறுக்க எனக்கு ஏது புத்தி? சாப்பாட்டுக்கு முன் நாக்கில் கொஞ்சம் கசப்புப் பட்டால் எச்சில் ஊறும், பசி கிளம்பும் என்பது எங்கள் வீட்டு வைத்தியம். வேலியோரத்து நிலவேம்பைப் பறித்துக் கஷாயம் வைத்து ஒரு சங்கு புகட்டினேன். பொய் சொல்லக் கூடாது, அன்றைக்கு அரைக் கிண்ணம் கஞ்சி குடித்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு சங்குக்கே இப்படியென்றால் மூன்று சங்குக்கு? மறுநாள் சுண்டக் காய்ச்சி, மூக்கைப் பிடித்து மூன்று வேளையும் ஊற்றினேன். அவ்வளவையும் வாந்தி எடுத்தாள். குடித்த கொயினாவும் சேர்ந்து வந்தது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பார்கள். அமிர்தத்துக்கே அந்தக் கதி, நிலவேம்பைக் கேட்க வேண்டுமா?

அதன்பிறகு நான் கஷாயத்தைத் தொடவில்லை. ஆனால் என் கை கிட்டே போனாலே அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். சர்க்கரை போட்டுப் பால்கஞ்சி கொண்டுபோனேன். விரலில் தொட்டு நானே நக்கிக் காட்டினேன்.

"இனிப்புடி தங்கம். சத்தியமா இனிப்பு," என்று கெஞ்சினேன். அவள் நம்பவில்லை. அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

கடைசியில் பக்கத்து வீட்டு அக்காவிடம் கிண்ணத்தைக் கொடுத்தேன்.

"நான் காய்ச்சினதுன்னு மட்டும் சொல்லிடாதீங்கக்கா."

நான் வாசலுக்கு வெளியே ஒதுங்கி நின்றேன். உள்ளே கரண்டிச் சத்தம் கேட்டது. இன்னும் வேணுமா என்று அக்கா கேட்டார்.

"வேணும். அம்மாவ உள்ள விடாத பெரியம்மா," என்றாள் என் மகள்.