அக்காவின் கடைவாய்ப் பல்

பல்வலியால் யாராவது செத்துப்போவார்களா என்று என் மருமகள் ஒருநாள் சிரித்துக்கொண்டே கேட்டாள். எழுந்து போய்விட்டேன். என் அக்கா செத்தது பல்லால்தான். அது போதாதென்று எங்கள் பக்தியும் சேர்ந்துகொண்டது, நானும் சேர்ந்துகொண்டேன். இத்தனை வருஷத்தில் இதை ஒருவரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

இரண்டாவது உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். எனக்குப் பதினாறு, அக்காவுக்கு இருபத்திரண்டு. அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம்; அவருக்குத் திருத்தணி ரயிலடியில் மூட்டை தூக்கும் வேலை. அக்காவுக்கு வந்த வரனெல்லாம் ஏதாவது சாக்கில் தட்டிப்போனது. அம்மா முருகன் மலையைப் பார்த்து வேண்டிக்கொண்டாள். கல்யாணம் நிச்சயமானால் ஆடிக் கிருத்திகைக்கு என் மகள் வாய் கட்டிக் காவடி எடுப்பாள் என்றாள். வாய் கட்டுவதென்றால் எங்கள் வீட்டில் விளையாட்டில்லை. கையில் காப்பு கட்டியதிலிருந்து ஐந்து நாள் ஒருவேளைச் சோறுதான், ஒரு சொல் பேசக்கூடாது. ஜாடை காட்டினாலும் பேசின மாதிரிதான். கடைசி நாள் மஞ்சள் துணியால் வாயைக் கட்டிக்கொண்டு படியேறி, சந்நிதியில் காவடியை இறக்கிய பிறகுதான் வாயைத் திறக்கலாம். அம்மா வேண்டிக்கொண்ட நாலாம் மாதமே ஆர்.கே.பேட்டையில் மாப்பிள்ளை அமைந்தார், எனக்குப் பாவா முறை. ஆவணியில் கல்யாணம்.

அந்தப் பாழாய்ப்போன பல்வலி அந்த ஆடியில்தானா வர வேண்டும்? அக்காவின் கன்னம் வீங்கிவிட்டது. கிராம்பு வைத்தோம், உப்புத் தண்ணீர் கொப்பளிக்க வைத்தோம், ஒன்றும் கேட்கவில்லை. காப்பு கட்டின பிறகு உடம்பிலிருந்து ரத்தம் வரக்கூடாது, அதற்கு முன்னாலேயே பல்லைப் பிடுங்கிவிட வேண்டும் என்று அம்மா பறந்தாள். அரக்கோணம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறேன் என்றார் நைனா.

"அங்க போனா இன்னிக்கி வா, நாளைக்கி வான்னு இழுத்தடிப்பாங்க. கொளத்தங்கரையில பல் டாக்டரு வந்துகீறாரு. ஒரு நொடியில புடுங்கறாராம்" என்றாள் அம்மா.

டாக்டராம் டாக்டர்! கிருத்திகைக் கூட்டத்தை எதிர்பார்த்து ஊர் ஊராகச் சுற்றி வந்தவன். மேலே கறுப்புக் கோட்டு, தலையில் ஜரிகைத் தலைப்பாகை. எதிரே விரித்த சிவப்புத் துணியில் ஊரார் பற்களையெல்லாம் குவித்து வைத்திருந்தான். தமிழில் கூப்பிட்டான், தெலுங்கில் கொஞ்சினான், இந்துஸ்தானியில் அதட்டினான். பக்கத்தில் ஒருவன் தப்பட்டையோடு நின்றான். பல்லைப் பிடுங்கும்போது அலறுகிற சத்தம் வரிசையில் நிற்கிறவர்களுக்குக் கேட்டுவிடக் கூடாது, அதற்குத்தான் தப்பட்டை. இது எனக்குப் பிற்பாடுதான் புரிந்தது. அன்றைக்கு ஏதோ வேடிக்கை என்று நினைத்தேன்.

அவன் விற்ற மருந்து சிவப்பாக ஒரு சீசாவில் இருந்தது. சீசாவில் ஒட்டிய காகிதத்தில் முக்காடு போட்ட சீமை ராணியம்மா படம்.

"பல்லு நோவு, வவுத்து நோவு, தேள்கடி, பைத்தியம், அல்லாத்துக்கும் இது ஒண்ணுதாம்மா. ராணியம்மாவே இத்தத்தான் குடிச்சிகினு இருந்தாங்க!" என்றான்.

அந்த ராணியம்மா செத்து நாற்பது வருஷம் ஆயிற்றே என்று கேட்க அங்கே ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

அக்காவை முக்காலியில் உட்கார வைத்தான். கீழே கிடந்த ஈரத் துணியில் பல் பிடுங்கும் குறட்டை ஒரு துடைப்பு துடைத்து வாய்க்குள் விட்டான். தப்பட்டை முழங்கியது. பல் பாதியில் முறிந்து வந்தது. மறுபடி விட்டு, மீதியைத் தோண்டினான். அடைப்பதற்கு எடுத்த பஞ்சு மண்ணில் விழுந்தது. அதை எடுத்து ஃபூ என்று ஊதினான், சீசா மருந்தில் நனைத்து அந்தக் குழியில் திணித்தான். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். மண்தானே என்று நினைத்தேன்.

வீட்டுக்குத் திரும்பும்போது அக்கா கன்னத்தைப் பிடித்துக்கொண்டே கேட்டாள்: "ஏண்டி, பாவா எதிர்ல சிரிச்சா ஓட்டை தெரியுமா?"

"நீ சிரிக்கிற சிரிப்புக்குத் தொண்டையே தெரியும்" என்றேன்.

ரத்தம் துப்பிக்கொண்டே சிரித்தாள். அவ்வளவு நல்ல பெண் அவள்.

இரண்டு நாள் கழித்துக் காப்பு கட்டினார்கள். அன்று முதல் அக்கா பேசவில்லை. எனக்குப் பொழுதே போகவில்லை. அவள் எதிரே போய் நின்று, "ரொம்பத்தான் பெரிய சாமியாரு ஆயிட்ட போ" என்று சீண்டுவேன். முதல் நாள் என்னைப் பார்த்துக் கண்ணாலேயே சிரித்தாள். மறுநாள் தட்டில் வைத்த சோற்றைத் தொடவில்லை. ஒருவேளைச் சோற்றையும் விட்டுவிட்டாள் என் பொண்ணு என்று அம்மா தெருவெல்லாம் சொல்லி மாய்ந்தாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். அக்கா வந்து என் ஈரக் கையைப் பிடித்தாள். இழுத்துத் தன் தாடையில் வைத்தாள். தாடை கட்டையாக இருந்தது. வாயைக் காட்டி, இல்லை இல்லை என்று கையை ஆட்டினாள். கண்ணில் தண்ணீர் நின்றது. பல்வலி பொறுக்காமல் விரதத்தை முறிக்கப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். எனக்கு வந்ததே கோபம்.

"சீ, ஜாடை காட்டாத! இன்னும் ரெண்டு நாளு உன்னால இருக்க முடியாதா? உன் கல்யாணம் நின்னுபோனா அம்மா நாண்டுகினு சாவா, தெரியுமா?" என்று அவள் கையில் பட்டென்று அடித்தேன்.

அக்கா கையை இறக்கிக்கொண்டாள். போய்ச் சுவரோரமாக உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு யாரிடமும் ஒரு ஜாடை காட்டவில்லை. என் பேச்சைக் கேட்டாளே, ஐயோ, கேட்காமல் இருந்திருக்கக் கூடாதா?

அம்மா கன்னத்தில் சிவப்பு மருந்தைத் தேய்த்தாள், பல்லிடுக்கில் ஊற்றியும் பார்த்தாள். அக்கா கண் சொருகித் தூங்கினாள். மருந்து வேலை செய்கிறது என்றாள் அம்மா. நாலாம் நாள் அக்காவின் முகம் ஒரு மாதிரி இழுத்து, உதடு விரிந்து, எப்போதும் சிரித்தபடியே நின்றது. அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து பார்த்தார்கள். அன்னம் தண்ணி இல்லாமல் இப்படிச் சிரிக்கிறாளே, முருகன் இறங்கிவிட்டான் என்று காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். கும்பிட்டவர்களில் நானும் உண்டு.

கிருத்திகையன்று குளத்தங்கரை கொள்ளாத கூட்டம். அக்கா விறைத்து விறைத்து நடந்து வந்தாள். அம்மா அவள் வாயில் மஞ்சள் துணியைக் கட்டினாள். காவடியைத் தோளில் வைத்ததும் பம்பைக்காரர்கள் நெருங்கி வந்து அடித்தார்கள். முதல் அடியிலேயே அக்கா தூக்கிப் போட்டதுபோல் விழுந்தாள். முதுகு வில்லாக வளைந்தது. தலையும் குதிகாலும் மட்டும்தான் தரையில் இருந்தன.

"அரோகரா! சாமி வந்துடுச்சி!" என்று கூட்டம் கத்தியது. மஞ்சள் தண்ணீரை ஊற்றினார்கள், விபூதியை வீசினார்கள். பம்பையை அவள் காதுக்குப் பக்கத்திலேயே வைத்து அடித்தார்கள். அடிக்க அடிக்க அவள் உடம்பு வளைந்தது. அம்மா கைகூப்பி அழுதாள், சந்தோஷத்தில்.

காலரா ஊசி போடுவதற்காக மிஷன் ஆஸ்பத்திரி நர்சம்மா ஒருவர் அங்கே கொட்டகை போட்டிருந்தார். கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி வந்தார்.

"மோளத்த நிறுத்துங்க! இது சாமி இல்ல, நோவு! சத்தம் கேக்கக் கேக்க இழுக்கும்!"

"மிஷன் வேதக்காரிக்கு எங்க சாமியப் பத்தி இன்னா தெரியும்?" என்று நாலு பேர் அவரைத் தள்ளினார்கள். நைனா மட்டும் அவர் முகத்தையே ஒரு கணம் பார்த்தார். பிறகு பம்பைத் தோலின்மேல் இரண்டு கையையும் வைத்து அமுக்கிக்கொண்டார். அவர் கைமேலேயே இரண்டு அடி விழுந்தது. எடுக்கவில்லை.

கொட்டகையில் படுதாவை இறக்கிவிட்டு அக்காவைப் பெஞ்சில் கிடத்தினோம். நர்சம்மா மஞ்சள் துணியை அவிழ்த்தார். வாயைத் திறக்கப் பார்த்தார், முடியவில்லை. பல் பிடுங்கினதை நைனா சொன்னார்.

"எத்தினி நாளா வாய் தொறக்கல?"

"அஞ்சு நாளும்மா. வேண்டுதலு" என்றாள் அம்மா. அப்போதும் அவள் குரலில் பெருமை இருந்தது.

"காயத்துல மண்ணு பட்டு வர்ற தனுர்வாயுங்க இது. மொத மொத தாடைதான் புடிச்சிக்கும். அப்பவே வந்திருந்தீங்கன்னா ஊசி போட்டுப் பாத்திருக்கலாம். இங்க அந்த மருந்து இல்ல, சாயங்கால வண்டிக்கி அரக்கோணம் கொண்டுபோவணும்" என்றார். அக்காவின் தாடையைத் தடவிப் பார்த்தார். பிறகு, "தாடை புடிச்சிகிச்சின்னு ஒரு ஜாடைகூட யார்கிட்டயும் காட்டலியா இந்தப் பொண்ணு?" என்று கேட்டார்.

அம்மா நைனாவைப் பார்த்தாள். இருவரும் என்னைப் பார்த்தார்கள். அக்காவோடு ஒரே பாயில் படுக்கிறவள் நான்தான்.

"இல்லீங்க" என்றேன்.

நர்சம்மா என் தோளைத் தொட்டு, "மெதுவாப் பேசும்மா. இந்த நோவுல நெனப்பு தப்பாது. நாம பேசறது அத்தினியும் அவளுக்குக் காதுல வுழுந்துகினு இருக்கும்" என்றார்.

திரும்பி அக்காவைப் பார்த்தேன். கண்ணைத் திறந்து என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்கால வண்டி வருவதற்குள் அக்கா போய்விட்டாள். அதுவரை இரண்டு மணி நேரம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தேன். ஜாடை காட்டினாள், நான்தான் அடித்தேன் என்று அவள் காதில் விழும்படி சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.