பியரீனா அடுக்கிய கற்கள்

கோர்சிகாத் தீவின் மூரெல்லா கணவாய்க்கு ஏறுகிறவர்கள் எல்லாரும் ஓடையின் வலக்கரையோடுதான் போவார்கள். இடக்கரையில் பியரீனாவின் ஆட்டுப்பட்டி இருந்தது. அந்தப் பக்கம் யாரும் வருவதில்லை. வராதபடி பார்த்துக்கொண்டவள் அவளேதான்.

எட்டு வருஷத்துக்கு முன் மலையேற வந்த யாரோ பட்டியின் படலைத் திறந்துபோட்டுப் போனார்கள். பதினோரு ஆடுகள் தொலைந்தன. சத்தம் போட்டுச் சண்டை பிடிக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. மறுநாள் அந்தக் கரையோடு கணவாய்வரை ஏறி, வழி தெரிவதற்காக அடுக்கிவைத்திருந்த கற்களை ஒவ்வொன்றாக எத்திச் சாய்த்துக்கொண்டே இறங்கினாள். யாராவது மறுபடி அடுக்கினால் மறுபடி சாய்த்தாள். மூன்றாவது கோடையில் அந்தப் பாதையே வழக்கொழிந்துபோனது.

இப்போது அவளுக்கு ஐம்பத்தாறு. வலது முழங்கால் ஒத்துழைப்பதில்லை. பாலாடைக்கட்டியை முதுகில் சுமந்து ஊருக்கு இறங்க இரண்டரை மணி நேரம் ஆகிறது. மலையேறுகிறவர்கள் வாசலுக்கே வந்து வாங்கினால் ஆடுகளை வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் விற்றுவிட்டுக் கடலோரத்தில் தங்கை வீட்டோடு போய்விட வேண்டியதுதான்.

மே மாதத்தில் கொழுந்தன் சவேரியு சேதி கொண்டுவந்தான்.

"மதினி, கணவாய்ப் பாதைக்கு மஞ்சப் பெயின்ட்ல வழிக்குறி போடப் போறாங்களாம். ஒரு கரைக்குத்தான். வெள்ளிக்கிழம பாதைக் கமிட்டி லிசாந்த்ரு வந்து ரெண்டு கரையையும் நடந்து பாக்குறான்."

"இந்தக் கரையில வழி எங்க இருக்கு?"

"எங்கிட்ட கேட்டா? உங்க காலக் கேளுங்க."

மூன்று நாள் கல் அடுக்கினாள். பழைய வழி ஏற்றமும் இறக்கமுமாகப் போனது. முழங்கால் கேட்கவில்லை. ஆடுகளின் தடமோ சரிவின் குறுக்கே மட்டமாகப் போனது. அதன்மேல் நடந்து நடந்து அதுவே வழி என்று ஆகியிருந்தது அவளுக்கு. அங்கேயே அடுக்கிக்கொண்டு போனாள்.

வெள்ளிக்கிழமை மதியத்துக்குக் கஷ்கொட்டை மாவில் ரொட்டி சுட்டுவைத்தாள். சவேரியுவும் வந்திருந்தான். வலக்கரையில் ஏறி இடக்கரையில் இறங்கி லிசாந்த்ரு வந்து சேர்ந்தபோது நாலு மணி தாண்டிவிட்டது. கால்சட்டை கிழிந்து, உள்ளங்கை சிராய்த்திருந்தது.

"அக்கா, தண்ணி." குடித்துவிட்டு உட்கார்ந்தான். "அந்தக் கல்ல அடுக்கினவன் மனுசனே இல்ல."

"ஏன் தம்பி?"

"வழுக்குப் பாறைக்கு நடுவுல கொண்டுபோய் விட்டுட்டான். மேல முள்ளு, கீழ பள்ளம். முதுகுல மூட்டையோட பல்லி மாதிரி ஒட்டிக்கிட்டு நிக்கிறேன். எதுத்தாப்புல ஒரு ஆடு வந்து வழி விடுங்குது."

"விட்டியா?" என்றான் சவேரியு.

"முட்டுச்சு. விட்டேன்."

லிசாந்த்ரு நோட்டை எடுத்தான். "இந்தக் கரை ஆகாதுன்னு எழுதிர வேண்டியதுதான்."

சவேரியு மதினியைப் பார்த்தான். பிறகு ரொட்டியைப் பார்த்தான். பியரீனா அடுப்புப் பக்கம் திரும்பி நின்றாள்.

"நாந்தான் அடுக்கினேன்" என்றாள். "நல்ல வழி வேற. அதுல இருந்த கல்லத் தள்ளினதும் நாந்தான்."

பென்சில் நின்றது. "நாங்க காட்டுப்பன்னின்னு நெனச்சோம்க்கா. பன்னிக்கு எதிரா தீர்மானமே போட்டிருக்கோம்."

"ரெண்டு காலு பன்னி" என்றான் சவேரியு.

அவள் கோலை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். பழைய வழி சூரைப் புதரைச் சுற்றி, ஊற்றைத் தாண்டி ஏறியது. எங்கெங்கே எத்தினாள் என்பது காலுக்கு நினைவிருந்தது. ஒவ்வொரு இடத்திலும் கோலால் தட்டினாள்; லிசாந்த்ரு ஒரு கல்லை எடுத்து வைத்தான். பாதி ஏற்றத்தில் முழங்கால் வீங்கி உட்கார்ந்துவிட்டாள். மேலே இரண்டு சிகரங்களுக்கு நடுவே கணவாய் சிவந்து கிடந்தது. அங்கிருந்தபடியே மிச்ச இடங்களைக் கோலை நீட்டிக் காட்டினாள். அவன் தனியே கணவாய்வரை போய்த் திரும்பினான்.

"வழி நல்ல வழிதான்" என்றான். "இனிமே எத்தமாட்டேன்னு சொல்லணும்."

"எத்தமாட்டேன்."

"படலத் தொறந்து போட்டுட்டுப் போனாலும்?"

அவள் வீங்கிய முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள். "மூடிக்குவேன்."

ஜூலையில் மஞ்சள் குறி வந்தது. முதல் நாளே ஒரு ஜோடி வந்து, இரண்டு பாலாடைக்கட்டி வாங்கி, கணவாயின் அழகைப் பற்றிப் பேசிக்கொண்டே ஏறிப்போனது. பியரீனா பின்பக்கம் போய்ப் பார்த்தாள். படல் திறந்து கிடந்தது. மூன்று ஆடுகள் சரிவில் நின்றன.

நொண்டிக்கொண்டே போய் அவற்றை ஓட்டிவந்தாள். வழியில் முதல் கல்லடுக்கு நின்றது. அதைச் சுற்றிக்கொண்டு வந்து படலை மூடினாள்.