அம்மாவின் முட்டை உடைந்த இடம்

அம்மா தரையில் தீ மூட்டியதே இல்லை. தூண்கள் மேல் நிற்கும் வீட்டில், மண் நிரப்பிய பெட்டிக்குள்தான் அடுப்பு. வயலில் குளிர்காய யாராவது சுள்ளி பொறுக்கினால் கத்துவாள். வியட்நாமை ஒட்டிய எங்கள் சியங்குவாங் மாகாணத்தில் இது பழக்கம். அவள் கண்ணால் கண்டவள். போர் முடிந்து, பதுங்கியிருந்த குகையிலிருந்து ஊர் திரும்பியதும் அவளுடைய அக்கா புது இடத்தில் உலை வைத்தாள். அடியில் புதைந்திருந்த குண்டு சூடேறி வெடித்தது.

அம்மாவின் பெயர் புவாதோங். அவள் சிறுமியாக இருந்தபோது வியட்நாம் வீரர்கள் வந்தார்கள், அமெரிக்கர்களிடமிருந்து ஊரைக் காக்க. பிறகு அமெரிக்க விமானங்கள் வந்தன, வியட்நாம்காரர்களிடமிருந்து காக்க.

"ரெண்டு பேரும் நம்மளக் காப்பாத்தத்தான் வந்தாங்க. வேணுமான்னு ஒருத்தனும் கேக்கல" என்பாள்.

நான் குண்டு அகற்றும் வேலைக்குப் போனேன். பயிற்சியில் அமெரிக்கா இங்கே குண்டு போட்டதற்குக் காரணங்களும் சொன்னார்கள். பக்கத்து நாட்டில் சண்டை. எதிரியின் பாதையை அடைக்க வேண்டும். ஒரு நாடு கம்யூனிஸ்டுகளிடம் கைமாறினால் அடுத்ததும் கைமாறும் என்ற பயம். வடக்கு வியட்நாமில் போட முடியாத குண்டுகளைத் திரும்பும் வழியில் இங்கே கொட்டியதும் உண்டு. அம்மாவிடம் சொன்னேன்.

"அப்ப நம்ம மேல கோவமில்லையா?"

"இல்லம்மா. நடுவுல மாட்டிக்கிட்டோம்."

ஒட்டும் அரிசிச் சோற்றைக் கையில் உருட்டினாள். "கோவமா இருந்திருந்தாத் தேவல. கோவம்னா ஒருநாள் தீரும்."

இந்தக் குளிர்காலத்தில் இறந்தாள்.

சிதைக்கு இடம் பார்க்க மாமா கம்பேன் முட்டை எறிந்தார். முட்டை உடையும் இடமே இறந்தவர் கேட்கும் இடம். முதல் முட்டை புல்லில் உருண்டது. இரண்டாவதும் உடையவில்லை.

"செத்தும் பிடிவாதம் போகல பாரு ஒங்கம்மாவுக்கு!"

மூன்றாவது மூங்கில் புதருக்கருகே உடைந்தது. குண்டு இருக்கிறதா என்று யாரும் சோதிக்காத நிலம்.

"மாமா, அங்க தீ வைக்கக் கூடாது."

"தள்ளி வெச்சா அவ ஏத்துக்குவாளா? நாளைக்குச் சடங்குக்குப் பிக்குங்க வந்துருவாங்க. நீ படிச்ச படிப்பு எதுக்குடி இருக்கு?"

குழுத்தலைவரிடம் அனுமதி வாங்கினேன். முட்டையின் மஞ்சள் கரு காய்ந்திருந்த இடத்திலேயே உலோகம் காட்டும் கருவி கத்தியது. பக்கவாட்டில் தோண்டினேன். ஆரஞ்சுப்பழ அளவில் சிறு குண்டு, துருவேறி, உயிரோடு. அசைக்கக் கூடாது. மணல்மூட்டை அடுக்கி, ஊரை விலக்கி, அங்கேயே வெடிக்கச் செய்தோம். பிறகு சுற்றிலும் இரண்டு முறை சோதித்தேன். குழியை மூடினோம்.

மறுநாள் அந்த மண்ணின் மேல் விறகு அடுக்கி அம்மாவை வைத்தோம். மாமா தீ வைத்தார். பிடித்து எரியத் தொடங்கியதும் வயதானவர்கள் யாரும் சொல்லாமலே பின்னால் நகர்ந்தார்கள்.

"எடம் சுத்தந்தானே?" என்றார் மாமா.

"சுத்தம் மாமா."

"அப்புறம் நீ ஏன் இவ்வளவு தூரத்துல நிக்கிற?"

குனிந்து பார்த்தேன். நானும் நகர்ந்திருந்தேன்.