பச்சையம்மாவுக்குக் கொய்யாப்பழம்

எங்கள் வீட்டில் பச்சையம்மாவிடம் கடி வாங்காத ஆள் ஒருவர்தான், சித்தப்பா. மற்றபடி அப்பா, அம்மா, நான், பால்காரர், ஓட்டுக் கேட்க வந்த கட்சிக்காரர் என்று ஒருவர் பாக்கியில்லை. பச்சையம்மா ஒரு கிளி. மனுஷியாக இருந்திருந்தால் எப்போதோ போலீஸ் வந்திருக்கும்.

சித்தப்பா லோடு ஆட்டோ ஓட்டினார். கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு ஏற்றிவந்து கீழே ஆலையில் இறக்குவது அவர் வேலை. ஒருநாள் வெள்ளிமலைப் பக்கம், காற்றில் சாய்ந்த மரத்தின் பொந்திலிருந்து இறகு முளைக்காத ஒரு குஞ்சைத் துண்டில் சுற்றி எடுத்துவந்தார். கம்பங்கூழை விரல் நுனியில் தொட்டுத் தொட்டு ஊட்டி அதை ஆளாக்கினார். இப்போது கிளியைக் கூண்டில் வைத்தால் வனத்துறைக்காரர்கள் வாசலில் வந்து நிற்பார்கள். அன்றைக்கு எங்கள் தெருவில் யாருக்கும் அந்த யோசனையே இல்லை. பறந்துவிடக் கூடாது என்று சித்தப்பா அதன் இறக்கை நுனியை நறுக்கியிருந்தார். அதனால் பச்சையம்மா நடந்தே வீடு முழுக்கச் சுற்றும், நடந்தே வந்து கடிக்கும்.

“இது கிளியா இன்னா? பாக்குவெட்டி!” என்பாள் அம்மா, கட்டைவிரலை வாயில் வைத்துக்கொண்டு.

ஊரில் யோசனை சொல்ல ஆளா இல்லை? விரலில் வேப்பெண்ணெய் தடவச் சொன்னார்கள். விரலைக் கடித்துவிட்டு என் பாவாடையில் மூக்கைத் துடைத்துக்கொண்டது. மூக்கிலேயே ஒரு சுண்டு சுண்டச் சொன்னார்கள். சுண்டிய அப்பா கட்டுப் போட்ட விரலோடு வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனார். காய்ந்த மிளகாயைக் கொடுத்தால் வாய் எரிந்து அடங்கும் என்றார் ஒரு பெரிய மனிதர். பச்சையம்மா அதைத் தின்றுவிட்டு இன்னொன்று கேட்டது.

இப்படி இருக்கும்போதுதான் சித்தப்பாவுக்குக் கல்யாணம் ஆனது. சித்தி களமருதூர்ப் பெண். எங்கள் வீட்டில் ஒரு கூடமும் இரண்டு அறைகளும். ஓர் அறையில் அப்பா, அம்மா, நான். இன்னொன்றில் சித்தப்பாவும் பச்சையம்மாவும். அந்த இன்னொன்றுக்குத்தான் சித்தி வாழ வந்தாள்.

வந்த வாரமே நடந்தது. கட்டிலில் உட்கார்ந்திருந்த சித்தப்பாவின் தோளில் கிளி. சித்தி காபி டம்ளரை நீட்டக் குனிந்தாள். காதுமடலைத் தோட்டோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டது பச்சையம்மா. சித்தி போட்ட அலறலில் எதிர்வீட்டு ஆட்டுக்குட்டிகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின. நாங்கள் எல்லோரும் ஓடினோம், பக்கத்து வீட்டுக்காரர்களும் ஓடிவந்தார்கள். காது கிழிந்து ரத்தம் கழுத்தில் வழிந்தது. கிளி மட்டும் தலையை ஆட்டி ஆட்டி ஒவ்வொருவராகப் பார்த்தது.

பக்கத்து வீட்டு அத்தை காரணம் கண்டுபிடித்துச் சொன்னாள். “பொட்டக் கிளி இல்ல? சக்களத்தி வந்துட்டான்னு அதுக்கு வயித்தெரிச்சல். ஜாஸ்தி செல்லம் குடுத்தா இப்படித்தான்.”

சக்களத்தி என்றால் என்ன என்று கேட்டதற்கு அம்மா என் தொடையில் கிள்ளினாள்.

அதன்பிறகு சித்தி சித்தப்பாவின் பக்கத்தில் வந்தாலே கிளி தெருவே கேட்கும்படி கத்தியது. கூண்டில் அடைத்தாலும் கத்தியது. கூண்டைக் கூடத்தில் வைத்தால் சித்தப்பாவைக் காணாமல் இன்னும் கத்தியது. சித்தி சோற்றுத் தட்டைத் தரையில் வைத்து ஜெயிலில் தள்ளுவது போலத் தள்ளிவிடுவாள், சித்தப்பா எட்டி இழுத்துக்கொள்வார். கடைசியில் சித்தி பாயைத் தூக்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து படுக்க ஆரம்பித்தாள். எனக்கு ஏக சந்தோஷம். சித்தி நன்றாகக் கதை சொல்வாள். கதைக்கு நடுவில் அவள் பெருமூச்சு விட்டது காது வலியால் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா ஒருநாள் தீர்த்துச் சொல்லிவிட்டார். “வர்ற லோடுக்குப் போறச்ச அத எடுத்துக்கினு போயி மலையிலயே வுட்டுட்டு வா. வூட்டுக்கு வந்த பொண்ணு காத அறுத்துக்கினு நிக்குது. அவங்க அப்பா வந்து கேட்டா இன்னா சொல்றது?”

சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டு கிளியின் கழுத்தைச் சொறிந்தார். எனக்குத்தான் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. “எறக்க இல்லாம அது எப்படிப் பறக்கும்? பூனை தின்னுடும்!” என்று கத்தினேன்.

அப்போதுதான் சித்தி வாயைத் திறந்தாள். அப்பா எதிரிலேயே நின்றார். ஆனால் புதுப்பெண், நேராகப் பேசக் கூச்சம். அம்மாவைப் பார்த்துச் சொன்னாள். “அக்கா, மாமாகிட்ட சொல்லுங்க. எனக்கு முன்ன இந்த வூட்டுக்கு வந்தது அது. வெதக்கடல ஒடச்சி முடியற வரைக்கும் இருக்கட்டும். அதுக்குள்ள அடங்கலன்னா எடுத்துக்கினு போவட்டும்.”

நிலக்கடலை விதைப்புக்காக மூட்டை மூட்டையாகக் காய் வந்து இறங்கியிருந்தது. விதைக்கான பருப்புத் தோல் உரியாமல் வரவேண்டும், அதனால் வீட்டுப் பெண்கள் கையால்தான் உடைப்போம். சித்தி மூட்டையை இழுத்துப்போய்க் கூண்டுக்கு முன்னால் கொட்டி, கிளிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். கூண்டைத் திறந்துவிட்டாள். எனக்கு ஒரே ஒரு கட்டளை.

“பாப்பா, அது இன்னா செஞ்சாலும் கத்தக் கூடாது. அன்னிக்கி நான் கத்தனதும் எல்லாம் ஓடியாந்தீங்க பாரு, அதுக்குத் திருவிழா மாதிரி இருந்திச்சி. நாம கத்தறதப் பாக்கத்தான் அது கடிக்குது.”

கத்தாமல் இருப்பது லேசா? பச்சையம்மா இறங்கி வந்து சித்தியின் முழங்கையைக் கவ்வும். சித்தி கடலை உடைத்துக்கொண்டே இருப்பாள். கண்ணில் மட்டும் தண்ணீர் நிற்கும். அவளுக்குப் பதிலாக நான் கத்திவிடுவேனோ என்று பாவாடையை வாயில் திணித்துக்கொள்வேன். கிளிக்கு ஏமாற்றம். சுற்றும் முற்றும் பார்க்கும், யாரும் ஓடிவரவில்லையே! அது சும்மா இருக்கிற நேரமாகப் பார்த்து, சித்தி திரும்பாமலே ஒரு பருப்பைப் பின்னால் போடுவாள். கடித்தால் ஒன்றும் கிடையாது. திட்டும் கிடையாது, பருப்பும் கிடையாது.

மூட்டைகள் குறைந்துகொண்டே வந்தன. ஒரு மூட்டையை எங்காவது ஒளித்துவைத்துக் கெடுவைத் தள்ளிப்போடலாமா என்றுகூட யோசித்தேன். ஆனால் கடி குறைந்தது. முழங்கையைக் கவ்விய மூக்கு, புடவைத் தலைப்பைக் கவ்வ ஆரம்பித்தது. பிறகு மடியில் ஏறி உட்கார்ந்து, தானே காயை உடைத்துத் தின்றது. சித்தி அதனிடம் களமருதூர் கதையெல்லாம் சொன்னாள். எனக்குச் சொல்லாததைக்கூடச் சொன்னாள் என்று எனக்குக் கொஞ்சம் பொறாமை.

கடைசி மூட்டை முடிகிற சாயங்காலம், பச்சையம்மா சித்தியின் கை வழியாக ஏறித் தோளுக்குப் போனது. அங்கிருந்து காதுப்பக்கம் நகர்ந்தது. காயம் ஆறி அப்போதுதான் தோடு மாட்டியிருந்தாள். அம்மா அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்றுவிட்டாள். நான் பாவாடையைக் கடித்துக்கொண்டேன். கிளி தோட்டை மூக்கால் உருட்டிப் பார்த்தது. பிறகு சித்தியின் முடியை ஒவ்வொன்றாக எடுத்துக் கோதிவிட ஆரம்பித்தது.

அந்த நேரம் பார்த்துச் சித்தப்பா வேலை முடிந்து உள்ளே வந்தார். வந்தவர் பார்த்தாரே, அப்படி ஒரு சிரிப்பு அவர் முகத்தில். “அடங்கிட்டியாடீ என் தங்கம்!” என்று கையை நீட்டினார். கிளியைப் பார்த்துச் சொன்னாரா சித்தியைப் பார்த்துச் சொன்னாரா, எனக்குத் தெரியாது. பச்சையம்மா அவர் கட்டைவிரலில் எலும்பு தெரியக் கடித்தது.

“ஐயோ!” என்று சித்தப்பா துள்ளினார். சித்தி வாய்விட்டுச் சிரித்தாள். எங்கள் வீட்டில் அவள் அப்படிச் சிரித்து அன்றுதான் கேட்டோம். அப்பா வாசலிலிருந்து எட்டிப் பார்த்து, “இன்னாடா இது, இனிமே உன்னத்தான் மலையில வுட்டுட்டு வரணும் போல” என்றார். கிளி வீட்டிலேயே தங்கியது. மறுவருஷம் அதன் கழுத்தில் கறுப்பும் சிவப்புமாக வளையம் வந்து, அது ஆண் கிளி என்று தெரிந்தபோது பக்கத்து வீட்டு அத்தை அந்தப் பக்கமே வரவில்லை. பெயர் பச்சையம்மாதான்.

சித்தியும் பாயை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டாள். போன மறுநாளே இருவரும் கூண்டைத் தூக்கிவந்து என் தலைமாட்டில் வைத்தார்கள். “கடல ஒடச்சதுக்குப் பரிசு. இனிமே இது உங்கூடத்தான்” என்றார் சித்தப்பா, விரல் கட்டோடு. எனக்குத் தலைகால் புரியவில்லை. பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஆனால் எனக்கும் மனசாட்சி உண்டே! ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சித்தப்பாவுக்கு லீவு. சாப்பிட்டுவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொள்வார்கள். பச்சையம்மா சித்தியைக் காணாமல் கத்தும். பாவம், சித்திக்கும் அது இல்லாமல் தூக்கம் வராதே என்று கூண்டைச் சுமந்துபோய்க் கதவைத் தட்டுவேன். ஒவ்வொரு ஞாயிறும் தட்டினேன். சித்தப்பா கதவை ஒரு சாண் திறந்து, என்னையும் கிளியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் காசை நீட்டுவார்.

“அதுக்குப் பசிக்குது பாப்பா. ரேஷன் கடைக்கு அந்தாண்ட ஒரு கட இருக்கில்ல, அங்க போயி கொய்யாப்பழம் வாங்கிக் குடு.”

“தெருமுனையிலயே விக்கிதே சித்தப்பா?”

“அது நல்லா இருக்காது. அங்கயே போ. மெதுவா போ, ஓடாத. மீதிய நீயே வச்சிக்க.”

பச்சையம்மா மேல் இவ்வளவு பாசமா என்று நான் உருகிப்போவேன். வெயிலில் அவ்வளவு தூரம் நடந்து, நல்ல பழமாகப் பொறுக்கி, எனக்கொன்று அதற்கொன்று என்று தின்றுகொண்டே திரும்புவேன். விரலைக் கடித்த கிளிக்குப் பழம் வாங்கிக் கொடுக்கும் மனசு உலகத்தில் யாருக்கு வரும்?

போன மாதம் உளுந்தூர்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு நாத்தனார் மகள் லீவுக்கு வந்திருந்தாள். எனக்குக் கல்யாணமாகிச் சில மாதங்கள்தான் ஆகின்றன. ஞாயிறு மத்தியானம், கதவைத் தட்டினாள், வரைந்த படத்தைக் காட்ட. என் வீட்டுக்காரர் எழுந்துபோய், “பஸ் ஸ்டாண்டாண்ட இருக்கிற கடையில ஐஸ்கிரீம் நல்லா இருக்கும், தாத்தாவ கூட்டிக்கினு மெதுவா போயிட்டு வா” என்றார்.

நான் சிரித்த சிரிப்பில் அவர் பயந்துவிட்டார். விஷயத்தைச் சொல்லாமல் போனை எடுத்துச் சித்தியைக் கூப்பிட்டேன்.

“சித்தி, பச்சையம்மாவுக்குக் கொய்யாப்பழம் வாங்க சித்தப்பா என்னை ரேஷன் கடைக்கு அந்தாண்ட அனுப்புவாரே...”

நான் முடிப்பதற்குள் அந்தப் பக்கம் சித்தி சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

“ச்சீ, போடி! இப்பத்தான் வெளங்கிச்சா உனக்கு?”