மெழுகு தடவிய ஈசல்

இன்று காலை கதவைத் திறந்தால் வாசற்படி முழுக்க ஈசல் றெக்கை. முந்தின நாள் மழைக்குக் கிளம்பித் தெருவிளக்கைச் சுற்றி ஆடிவிட்டு உதிர்த்துப் போட்டிருக்கின்றன. "இப்பிடி வெறிச்சுப் பாத்துக்கிட்டு நின்னா அதுவா போயிருமாக்கும்? வெளக்குமாத்த எடுங்க" என்றாள் என் மனைவி. எடுத்துக் கூட்டினேன். கூட்டக் கூட்டக் காற்றில் பறந்து என் காலுக்கே திரும்பி வந்தன. எனக்கு எந்த வேலைதான் உருப்படியாக வந்திருக்கிறது! அதிலும் ஈசல் றெக்கையைக் கண்டால் கூட்டுவதை விட்டுவிட்டு நின்றுவிடுவேன். ஏன் என்று வீட்டில் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் வேலை. பக்கத்து மெஷின் சவரிமுத்து, அகரத்துக்காரன், என் வயசுதான். மில்லுக்குள் ஓடுகிற சத்தத்தில் பேச்சுக் கேட்காது. எட்டு மணி நேரமும் கையாலும் புருவத்தாலும் பேசிக்கொள்வோம். வெளியே வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகாது. டீக்கடையில் இரண்டு பேரும் ஊமை போல உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, ஏதோ சண்டை என்றே பலர் நினைத்திருக்கிறார்கள்.

எங்களுக்கு ஒரே பைத்தியம் மீன். அதிலும் சவரியின் வித்தை தனி. கோடை முடிந்து முதல் மழை பெய்த மறுநாள் சாயங்காலம் எங்கள் குளத்துக் கரையோரப் புற்றுகளிலிருந்து ஈசல் புகைபோலக் கிளம்பும். பாதி குளத்தில் விழும். கெண்டைகள் மேலே வந்து லபக் லபக்கென்று விழுங்கும். அந்த நேரத்தில் மண்புழுவை நீட்டினால் ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்காது. நிஜ ஈசலைத் தூண்டில் முள்ளில் குத்தினால் றெக்கை கழன்று மூழ்கிவிடும். அதனால் சவரி ஈசலையே செய்தான். சேவலின் கழுத்து இறகு, மில்லில் கழித்துப்போட்ட நூல், இரண்டையும் முள்ளில் சுற்றிக் கட்டி, மாதா கோயிலில் எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிடுவான். தக்கை கிடையாது, ஈயம் கிடையாது. வீசினால் தண்ணீர் மேலேயே உட்கார்ந்திருக்கும். நான் வீசினால் என் சட்டைக் காலரில் போய் உட்காரும். "ஏலே, மீனப் பிடிக்கச் சொன்னா ஒன்னையவே பிடிச்சுக்கிட்டு நிக்கிறியேடா" என்பான்.

அந்த வருஷம் அவன் மனைவி மேரி மூன்று மாதம். அதற்கு முன் இரண்டு தடவை கலைந்திருந்தது. மூன்றாவது தங்க வேண்டுமே என்று அவன் மெஷின் முன்னால் நின்றுகொண்டே சிலுவை போட்டுக்கொள்வான். மசக்கையில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. "நாலு நாளா மீனு மீனுங்குறா மாப்ள. கடை மீனு நாறுதாம். கொளத்து மீனுதான் வேணுமாம்" என்றான். மழைக்காகக் காத்திருந்தோம். வந்தது.

மறுநாள் நாங்கள் போனபோது ஈசல் கிளம்பிவிட்டது. ஆனால் கரைமேல் கொக்குகள் வரிசையாக நின்றன. ஒன்றும் தண்ணீரில் இறங்கவில்லை. வரத்து ஓடை வாயில் பழுப்பு நுரை. முடியைப் பொசுக்கியது போல ஒரு வாடை. மழைக்காலம் வரட்டும் என்று தோல் பதனிடும் ஆலைக் கழிவைத் தேக்கி வைத்திருந்து முதல் வெள்ளத்தோடு திறந்துவிடுகிறவர்கள் மேட்டில் உண்டு என்று எல்லோருக்கும் தெரியும். எங்கள் குளம்வரை வராது என்று அவரவர் தைரியம்.

குளம் முழுக்க வாய்கள். அத்தனை மீனும் மேலே. "மாப்ள, பாருடா! பாருடா!" என்று சவரி குதித்தான். வீசினான். ஈசல் ஒரு கெண்டையின் மூக்கருகே விழுந்தது. அது தொடவில்லை. நிஜ ஈசல்களையும் தொடவில்லை. சும்மா வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. சவரி தூண்டிலைப் போட்டுவிட்டு முழங்கால் தண்ணீரில் இறங்கிக் கையாலேயே அள்ளத் தொடங்கினான். என்னைப் பார்த்து ஒன்றை எறிந்தான். நான் செவுளைத் தூக்கிப் பார்த்தேன். ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டியது காபிப்பொடி நிறத்தில் இருந்தது.

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். பாவி, திறக்கவில்லை. மசக்கைக்காரிக்குப் போகிற பண்டத்தைக் குறை சொல்லக்கூடாது என்பார்கள் எங்கள் பக்கம். சொன்னால் அவளுக்கு ஆகாது. இரண்டு தடவை கலைந்த வீடு. என் வாயால் எதற்கு என்று நினைத்தேன். செவுளை மூடினேன். அதோடு விட்டேனா? அவன் கூறு போட்டபோது, "எங்க வீட்ல விரதம் மாப்ள, எம் பங்கையும் நீயே கொண்டு போ" என்றேன். விரதமாவது ஒன்றாவது! அவன் ஈரக் கையோடு என்னைக் கட்டிக்கொண்டான். "தங்கமான மனுசன்டா நீ."

அடுத்த நாள் அவன் மெஷினில் வேறு ஆள் நின்றான். மேரியைத் திண்டுக்கல் பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகக் கையாலேயே சொன்னான். விடிய விடிய வாந்தியும் பேதியுமாம். நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அவள் பிழைத்தாள். பிள்ளை இல்லை. மீனால்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

சவரி வராந்தாத் தூணில் சாய்ந்திருந்தான். "அவ போதும் போதும்னா மாப்ள. ஆசப்பட்டியே, தின்னு தின்னுன்னு நாந்தான் ஊட்டிவிட்டேன். இந்தக் கையாலதான்" என்றான். பிறகு நிமிர்ந்து பார்த்துக் கேட்டான்: "அந்த மீனப் பாத்தப்ப ஒனக்கும் ஒண்ணும் தோணலையில்ல?"

சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. தன்னைப் போல இன்னொருத்தனுக்கும் தெரியாமல் போயிற்று என்ற ஆறுதலுக்காகக் கேட்டான்.

"தோணல மாப்ள" என்றேன்.

ஒரு மாதத்தில் வேலையை விட்டான். மேரியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். வீட்டுக்கு வீடு போன் இல்லாத காலம். இரண்டு வருஷம் கழித்துத் தைரியம் வந்து அகரம் போனேன். வீட்டை விற்றிருந்தார்கள். திருப்பூர் என்றார் ஒருவர், கரூர் என்றார் இன்னொருவர். அந்த மில்லை மூடி இப்போது சிமெண்டு கோடவுன் ஆக்கிவிட்டார்கள். குளத்தில் கல் ஊன்றி வீட்டுமனை போட்டிருக்கிறார்கள். அவனைத் தெரிந்தவர்கள் என்று எனக்குத் தெரிந்த யாரும் உயிரோடு இல்லை.

எங்கே இருக்கிறானோ. இருந்தால் அவனுக்கும் என்னைப் போலத் தலை நரைத்திருக்கும். சோற்றில் கை வைக்கிறபோதெல்லாம் இன்னமும் அந்தக் கையைத்தான் திட்டிக்கொண்டிருப்பான்.