இரண்டு கதிரையும் ஒரு குடையும்

மட்டக்களப்பு பஸ் நிலையத்தில் இரண்டு இளம்பெண்கள் இரண்டு கதிரைகளை எதிரெதிரே போட்டிருந்தார்கள். ஓவியக்காரிகளாம். ஒருத்தி ஓயாமல் கதைப்பாள். முக்காடிட்ட மற்றவள் வாயே திறக்காமல், கதிரையில் வந்து இருப்பவர்களுக்குக் குடை பிடிப்பாள். தான் வெயிலில் நிற்பாள்.

என்னை இறக்க வேண்டிய இடத்தில் இறக்காமல் நிலையம்வரை இழுத்துவந்த வவுணதீவு பஸ் நடத்துனரோடு நான் சண்டை பிடித்துக்கொண்டிருந்தேன். கதைக்கிறவள் கடதாசியும் பென்சிலும் நீட்டிக்கொண்டு இடையில் புகுந்தாள்.

“அண்ணன், ரெண்டு பேரும் இரிங்க. கடதாசியப் பார்க்காம ஆளை ஆள் பார்த்துப் படம் கீறுங்க.”

“நீங்க கீறமாட்டீங்களா, பிள்ள?”

“நாங்க கதிரை போடுற ஆக்கள்,” என்றாள் குடைக்காரி. அவள் பேசியது அவ்வளவுதான்.

முறைத்துக்கொண்டே கீறினோம். அவர் கீறிய படத்தில் என் மூக்கு காதுக்குப் பக்கத்தில் இருந்தது. நான் கீறியதில் அவருக்கு மூன்று கண். சிரித்த சிரிப்பில் சண்டை போன இடம் தெரியவில்லை.

இரண்டு படத்தையும் நடத்துனர் தன் பஸ்ஸில் ஒட்டிவிட்டார். நேற்று அந்த பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்த ஒரு அம்மா அவற்றைப் பார்த்துவிட்டுப் பையை இறுக்கிப் பிடித்தார்.

“தம்பி, இவனுகள்தானா இந்த பஸ்ஸில களவெடுக்கிறவனுகள்?”

அந்தப் பெண்களைப் பிறகு நிலையத்தில் காணவில்லை. எங்கேயாவது இரண்டு கதிரைகளையும் ஒரு குடையையும் கண்டால், யாராவது இதை அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.