கொளஞ்சியின் நான்காவது குழி

விருத்தாசலத்தில் வயரிங் வேலை செய்கிறவர்களிடம் போய்க் கொளஞ்சி என்று விசாரித்தால், "எந்தக் கொளஞ்சி?" என்பார்கள். கொளஞ்சியப்பரை வேண்டிக்கொண்டு பெயர் வைக்கிற ஊர். ஆணும் பெண்ணுமாகத் தெருவுக்கு நாலு கொளஞ்சி உண்டு. "எர்த்து கொளஞ்சி" என்று சொன்னால்தான் அடையாளம் தெரிந்து சிரிப்பார்கள். போன வைகாசி வரை அந்தச் சிரிப்பில் மரியாதை இருந்ததில்லை.

காரணம் இதுதான். ஒரு வீட்டுக்கு ஃபேன் மாட்டப் போனாலும் அவர் முதலில் செய்வது, சுவரில் இருக்கும் மூன்று ஓட்டை பிளக்கின் பெரிய ஓட்டையைச் சோதிப்பது. முக்கால்வாசி வீடுகளில் அந்த ஓட்டைக்குப் பின்னால், கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்குகிற எர்த் ஒயரே இருக்காது. இருந்தாலும் அது சுவருக்குள்ளேயே எங்கோ முடிந்திருக்கும்.

"எர்த்து இல்லீங்க. வாசல்ல ஒரு குழி எடுத்து பைப்பு எறக்கணும்."

"ஃபேனு சுத்துதுல்ல? லைட்டு எரியுதுல்ல? அப்பறம் எதுக்கும்மா குழி?"

சிமெண்ட் போட்டு, டைல்ஸ் ஒட்டி, கோலத்துக்குக் கட்டம் கட்டின வாசலை உடைக்க யாருக்கு மனம் வரும்? அடுத்த தடவை வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

எனக்கு அவரைத் தெரிய வந்தது வேலை மூலமாக. நான் எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். மின் பொறியியல் படித்து, இரண்டு ஆண்டுகள் வேலை தேடி, கடைசியில் மின்சார வண்டிகளுக்கு சார்ஜிங் நிலையம் அமைக்கிற ஒரு கம்பெனியில் தளக் கண்காணிப்பாளராகச் சேர்ந்தேன். தளம் இருந்தது. நான் எதைக் கண்காணிக்கிறேன் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. எனக்கு முன்பே எல்லாம் தெரிந்தவர்கள் அங்கே வேலை செய்துகொண்டிருந்தார்கள். நான் வருகைப் பதிவேட்டையும் மீட்டரையும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இடம் பீங்கான் தொழிற்பேட்டை ஓரத்தில், சேலம் ரோட்டைப் பார்த்த ஒரு காலி மனை. காருக்கு ஒரு பெரிய சார்ஜர், ஆட்டோவுக்கும் ஸ்கூட்டருக்கும் இரண்டு சின்ன சார்ஜர். வயரிங், எர்த் எல்லாம் கொளஞ்சியின் ஒப்பந்தம். முப்பத்தாறு வயதில் அவர் தன் பெயரில் முழுதாக எடுத்த முதல் வேலை அது.

அதற்கு முன் ஒன்பது வருடம் தர்மராஜ் என்கிற ஒப்பந்தக்காரரிடம் உதவியாளராக இருந்தார். சுவரில் காடி வெட்டுவது, குழாய் பதிப்பது, ஒயர் இழுப்பது எல்லாம் கொளஞ்சி. மெயின் போர்டை மட்டும் தர்மராஜ் தொட விடமாட்டார். "பொம்பள கட்டுன மெயின்னா வூட்டுக்காரன் தூங்கமாட்டான்" என்பார். கொளஞ்சி உதவியாளர் தேர்வு எழுதினார், வயர்மேன் லைசென்ஸ் வாங்கினார், போன வருடம் தனியாக வேலை எடுக்கும் உரிமமும் வாங்கினார். உரிமம் கைக்கு வந்தும் எட்டு மாதம் ஒருவரும் முழு வேலை கொடுக்கவில்லை. எங்கள் கம்பெனி கொடுத்ததற்கும் பெரிய காரணம் கிடையாது. விண்ணப்பித்தவர்களில் எர்த் குழிக்குத் தனியாக வரைபடம் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான்.

திங்கட்கிழமை முதல் குழியில் மீட்டரை வைத்து, மின்சாரம் பூமிக்குள் இறங்க எவ்வளவு தடை என்று பார்த்தேன். நாற்பத்தாறு ஓம் காட்டியது. ஐந்துக்குக் கீழே இருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை மின் ஆய்வாளர் வருகிறார். அன்று தேறாவிட்டால் பெரிய சார்ஜரைக் கழற்றி உளுந்தூர்பேட்டைக்கு ஏற்றிவிடுவதாகக் கம்பெனியின் பகுதி மேலாளர் நடேஷ் சொல்லியிருந்தார். சார்ஜர் போனால் கொளஞ்சியின் வேலையும் போகும். அதைவிட, "அந்தம்மா கிட்ட குடுத்தாங்க, அதான் ஊத்திக்கிச்சு" என்கிற பேச்சு ஊரில் நிற்கும். அதற்குப் பிறகு உரிமத்தைச் சட்டம் போட்டு மாட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

ஃபேன் எர்த் இருக்கிறதா என்று கேட்காது. இந்த மிஷின் கேட்கும். வண்டிக்குள் மின்சாரத்தை விடும் முன் தரையைத் தொட்டுப் பார்க்கும். சரியில்லை என்றால் சிவப்பு விளக்கைப் போட்டுவிட்டுச் சும்மா இருக்கும். ஜம்புநாதன் தன் மின்சார ஆட்டோவைக் கொண்டுவந்து செருகிப் பார்த்தபோது அதுதான் நடந்தது. அவர் வண்டி வாங்கி ஒரு வருடம். பெட்ரோல் பங்கில் நிற்காத சந்தோஷம் இருந்தாலும், சமையற்கட்டு ஜன்னல் வழியாக ஒயர் இழுத்துத்தான் தினமும் சார்ஜ் போட்டார்.

"வண்டிய சொருவுனா மிக்ஸி ஓடக் கூடாது, மிக்ஸி ஓடுனா வண்டி நிக்கணும். வூட்டுக்காரி ஞானாம்பா எனக்குச் சட்னி போட்டு ஆறு மாசம் ஆவுது" என்றார். "சீக்கிரம் முடிங்க தம்பி. ஊருல முப்பது ஆட்டோ கரண்டுக்கு மாறிடுச்சி. இன்னும் நாப்பது பேரு, சார்ஜு எங்க போடுறதுன்னு தெரியாம டீசல் வண்டியவே வெச்சிருக்கானுங்க."

செவ்வாய்க்கிழமை இரண்டாவது குழி. மிஷின் வைத்து எட்டடி துளைத்து, பைப் இறக்கி, கரியும் உப்பும் போட்டு மூடினோம். நாற்பத்து நான்கு. நான் இணைப்புகளைச் சந்தேகப்பட்டேன். ஒவ்வொரு போல்ட்டையும் கழற்றித் தேய்த்து மறுபடி முறுக்கச் சொன்னேன். என் படிப்பில் எர்த் என்பது ஒன்றின் கீழ் ஒன்றாகக் குறுகிப் போகும் மூன்று கோடு. நான்கு வருடத்தில் ஆயிரம் தடவை வரைந்திருப்பேன். அந்தக் கோடுகளுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று ஒரு தேர்விலும் கேட்டதில்லை.

கொளஞ்சி எல்லா போல்ட்டையும் தேய்த்து முறுக்கினார். நாற்பத்து நான்குதான்.

புதன்கிழமை தண்ணீர் ஊற்றினோம். ஒரு டிராக்டர் டேங்க் முழுக்க. ஊற்ற ஊற்றக் குழி குடித்துக்கொண்டே இருந்தது. அப்போது தர்மராஜ் தன் பைக்கை ரோட்டோரம் நிறுத்திவிட்டு வந்து பார்த்தார். உப்பு மூட்டைகளை எண்ணினார்.

"இன்னா கொளஞ்சி, எர்த்து போடுறியா, ஊறுகா போடுறியா?"

"ஊறுனதும் அனுப்புறண்ணே, பழைய சோத்துக்குத் தொட்டுக்குங்க" என்றார் கொளஞ்சி, நிமிராமலேயே.

தர்மராஜ் என்னைத் தனியே அழைத்தார். "நியூட்ரலயும் எர்த்தயும் உள்ளுக்குள்ள ஒரு முழ ஒயர்ல கோத்து வுடச் சொல்லு தம்பி. மிஷினு பச்ச காட்டும். பாதி ஊரு அப்படித்தான் ஓடுது. வெள்ளிக்கெழம தாண்டட்டும், அப்பறம் பாத்துக்கலாம்."

அதே சமயத்தில் நடேஷும் போனில், "நாலு புள்ளி அஞ்சுன்னு எழுதி வைங்க" என்றார். இரண்டும் தப்பு என்று எனக்குத் தெரியும். தெரிந்துமே கொளஞ்சியிடம் போய், இரண்டையும் சொல்லி, "ஒரு நாளைக்கு மட்டும் அக்கா" என்று ஆரம்பித்தேன். வேலை போய்விடும் என்ற பயம் எனக்கும் இருந்தது. அதை ஒப்புக்கொள்ளாமல் அவருக்காகப் பேசுவது போலப் பேசினேன்.

அதுவரை தம்பி என்று கூப்பிட்டவர், "சார்" என்றார்.

"சார், நீங்க படிச்சவங்க. நியூட்ரல் வெளிய எங்கயாச்சும் அறுந்தா, கோத்து வெச்ச ஒயரு வழியா கரண்டு எங்க சார் வரும்? வண்டி பாடிக்கு வரும். மழையில நனைஞ்சிகிட்டு ஒருத்தி ஆட்டோ கம்பியப் புடிப்பா. அவ செத்தா உங்க நாலு புள்ளி அஞ்ச எடுத்துக்கினு வந்து காட்டுவீங்களா?"

அவருடைய கோபத்துக்கு ஒரு பழைய காரணமும் உண்டு. பதினேழு வயதில் அவர் ஒரு பீங்கான் பட்டறையில் வேலை பார்த்தார். பீங்கான் பியூஸ் கட்டைகளைச் சூளையில் வேகவைக்கும் முன் ஓரம் சீவுவார். வெந்து வந்தபின் உடைந்தவற்றை அள்ளிக் கொட்டுவார். ஒருநாள் மண் பிசையும் மிஷினை ஈரக் கையால் தொட்டபோது அது அவரைத் தூக்கிச் சுவரோரம் எறிந்தது. பட்டறை எலக்ட்ரீஷியன் வந்து பார்த்துவிட்டு, "செருப்பு போட்டுக்கினு தொடும்மா" என்றார். அவ்வளவுதான் வைத்தியம். கரண்டு ஏன் மிஷின் மேலே வந்தது என்று அன்றைக்கு அவர் கேட்ட கேள்விதான் பட்டறையை விட்டு வயரிங் வேலைக்கு அவரை இழுத்து வந்தது. பீங்கான் மேல் அவருக்கு ஏக்கம் எதுவும் கிடையாது. "சீவி சீவி வெரலு தேஞ்சதுதான் மிச்சம்" என்பார்.

வியாழக்கிழமை காலை மூன்றாவது குழி. துளைக்கும் மிஷின் வேறு இடத்துக்குப் போய்விட்டது. கடப்பாரையை எடுத்துக்கொண்டு அவரே இறங்கினார். பச்சமுத்து என்கிற கூலிக்காரர் மேலே நின்று மண்ணை வாங்கினார். மேலே ஒன்றரை அடி செம்மண். அதற்குப் பிறகு கடப்பாரை கணீர் கணீர் என்றது. வந்ததெல்லாம் பீங்கான் சில்லு.

அது எங்களுக்குப் புதிதாகவே தோன்றவில்லை. முதல் இரண்டு குழியிலும் சில்லு வந்தது. விருத்தாசலத்தில் எங்கே தோண்டினாலும் நாலு சில்லு வரும். ரோட்டுக்கு, தென்னைக்கு, கொல்லைப் பள்ளத்துக்கு எல்லாவற்றுக்கும் அதைத்தான் கொட்டியிருப்பார்கள். நாங்கள் பார்த்து வளர்ந்தது அது. வயலில் வைக்கோலைப் பார்த்து யாராவது யோசிப்பார்களா?

ஐந்தடியில் கொளஞ்சி கடப்பாரையை நிறுத்தினார். ஒரு துண்டை எடுத்துச் சேலை முந்தானையில் துடைத்தார். அரை பியூஸ் கட்டை. அடியில் ஒரு நட்சத்திரமும் ஏழு என்ற எண்ணும் அழுந்தியிருந்தன.

குழிக்குள் நின்றபடியே அவர் சிரிக்க ஆரம்பித்தார். பச்சமுத்து பயந்துபோய், "இன்னாம்மா, ஏதாச்சும் கடிச்சிடுச்சா?" என்றார்.

"இது எங்க பட்டற பியூஸ் கட்ட. ஏழாம் நம்பர் அச்சு. நான் சீவுனது." மேலே ஏறி வந்து, முள்வேலிக்கு அப்பால் எட்டிப் பார்த்தார், பிறகு ரோட்டைப் பார்த்தார். "தம்பி, வேலிக்கு அந்தாண்டதான் பட்டற இருந்திச்சி, நாங்க அந்தப் பக்கமா வருவோம். அப்ப இந்த ரோட்டுப் பக்கம் வழி கெடையாது. அதான் எனக்குப் புடிபடல. இது பழைய குட்ட. பத்துப் பதினஞ்சு அடி ஆழம். வருசக் கணக்கா தலையில தூக்கியாந்து நாங்கதான் தூத்தோம். இங்க கீழ மண்ணே இல்ல தம்பி. பூரா பியூஸ் கட்ட."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மின்சாரம் தாண்டக் கூடாது என்பதற்காகவே செய்யப்படுகிற பொருள் பீங்கான். அதற்கு நடுவில் பைப்பை நட்டு, மின்சாரம் பூமிக்குள் இறங்கவில்லையே என்று மூன்று நாளாகக் கவலைப்பட்டிருக்கிறோம். ஊற்றிய தண்ணீரும் சில்லுகளின் இடுக்கு வழியாக அடிக்கு ஓடிப்போயிருந்தது.

"அப்ப இந்த மனையே ஆகாதா அக்கா?"

 பட்டறையின் பழைய தண்ணீர்த் தொட்டித் தூண் ஒன்று வேலியோரம் மொட்டையாக நின்றது. அதன் காலடியிலிருந்து கொளஞ்சி அடி எண்ணி நடந்தார். மண் கழுவிய தண்ணீர் அந்தத் தொட்டியிலிருந்து ஒரு வாய்க்காலில் வழிந்து மனையின் வடக்கு மூலைக்குப் போகுமாம். கூடவே போன களி அங்கே படிந்து படிந்து, சித்திரை வெயிலிலும் கால் புதையுமாம். அந்த மூலையில் இப்போது எருக்கு மண்டிக் கிடந்தது. கடப்பாரையை ஓங்கிக் குத்தினார். சத்தமே வரவில்லை. முக்கால் பாகம் இறங்கி நின்றது. பிடுங்கியபோது நுனியில் வெள்ளைக் களி சாந்து போல ஒட்டியிருந்தது.

நான்காவது குழி மதியத்துக்குள் முடிந்தது. ஆனால் அந்த மூலையிலிருந்து சார்ஜருக்கு எழுபத்தைந்து அடி. இரண்டையும் இணைக்க அவ்வளவு நீளத்துக்கு இரும்புப் பட்டை எங்களிடம் இல்லை. கடைவீதியில் இரண்டு கடையிலும் இல்லை. கடலூரிலிருந்து மறுநாள்தான் வரும் என்றார்கள். ஊரில் அது இருக்கக்கூடிய ஒரே இடம் தர்மராஜின் கொட்டகை.

கொளஞ்சி அரை நிமிடம் யோசித்துவிட்டுப் போன் போட்டார். நடந்ததை ஒளிக்காமல் சொன்னார்.  மறுமுனையிலிருந்து, "குட்டையாடி அது?" என்பது மட்டும் எனக்குக் கேட்டது.

அரை மணியில் தர்மராஜே ஒரு மினி லாரியில் பட்டைச் சுருளோடு வந்து இறங்கினார். மூன்றாவது குழிக்குள் எட்டிப் பார்த்தார், ஒரு சில்லை எடுத்துப் பார்த்தார். "இந்த வேல எனக்குக் கெடைச்சிருந்தா, நியூட்ரலோட கோத்து லூப் அடிச்சிட்டுப் போயிருப்பன்" என்றார், யாரையும் பார்க்காமல். பிறகு, "பட்டைய நேரா புடிடி, கோணுது பாரு" என்று அதட்டினார்.

"கோணுறது உங்க கண்ணுண்ணே" என்றார் கொளஞ்சி.

நாலு மணிக்கு மீட்டரை வைத்தேன். எழுதுவதற்கு முன் இன்னொரு முறை வைத்துப் பார்த்தேன். இரண்டு புள்ளி ஒன்று. என் மூன்று கோடுகளுக்குக் கீழே முதல்முறையாக ஒரு பூமி இருந்தது.

வெள்ளிக்கிழமை ஆய்வாளர் தன்னுடைய மீட்டரைக் கொண்டுவந்து தானே அளந்தார். ஒன்று புள்ளி ஒன்பது. நம்பாமல் பட்டை நெடுக நடந்து மூலை வரைக்கும் போனார். எருக்கை வெட்டின இடத்தில் நின்று, "இவ்வளவு தூரம் வந்து எதுக்குக் குழி எடுத்தீங்க? யாரு பாத்த எடம் இது?" என்று என்னைக் கேட்டார். சட்டைப் பையில் பேனாவும் கழுத்தில் அடையாள அட்டையும் வைத்திருந்தவன் நான்தான். பக்கத்தில் நடேஷ் பதில் சொல்ல வாயெடுத்தார்.

"அவங்க சார்" என்றேன், நகர்ந்து நின்று.

கொளஞ்சி குட்டையின் கதையைச் சொன்னார். ஆய்வாளர் முழுவதும் கேட்டார். பிறகு படிவத்தை நீட்டினார். வேலை செய்த ஒப்பந்தக்காரர் என்ற இடத்தில் கொளஞ்சி எழுத்து எழுத்தாக, கோட்டுக்கு மேல் உட்கார்ந்த மாதிரி, தன் பெயரையும் உரிம எண்ணையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஜம்புநாதன் எட்டு மணியிலிருந்து வரிசையில் நின்றார். வரிசையில் அவர் ஒருவர்தான். சார்ஜர் கன்னை வண்டியில் செருகினார். மிஷின் இரண்டு நொடி யோசித்தது. பச்சை.

"வந்துருச்சி" என்றார். உடனே வீட்டுக்குப் போன் போட்டு, "ஞானாம்பா, நீ மிக்ஸியப் போடு" என்றார். பக்கத்தில் நின்ற எல்லாரும் சிரித்ததில் ஆய்வாளரும் சேர்ந்துகொண்டார். பத்து மணிக்குள் ஏழு ஆட்டோ வந்துவிட்டது. சேலம் போகிற வழியில் ஒரு காரும் ஒதுங்கியது. சார்ஜ் போதாது என்று வேப்பூரோடு திரும்பிவிட நினைத்திருந்ததாகவும், இனி இந்த வழியிலேயே வருவதாகவும் அந்தக் குடும்பம் சொன்னது.

நாற்பத்தாறு என்ற எண்ணையும் நான் அறிக்கையில் எழுதினேன். எந்தக் குழியில், ஏன் என்றும் எழுதினேன்.  அது துணிச்சலா, இல்லை எல்லாம் நல்லபடி முடிந்தபின் வந்த நேர்மையா என்று இன்னும் எனக்குத் தீர்மானமாகத் தெரியாது.

மதியம் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்து உட்கார்ந்தபோது கொளஞ்சிக்குப் போன் வந்தது. மங்கலம்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடைக்காரர். துபாயிலிருந்து மகன் மின்சார கார் வாங்க ஏற்பாடு செய்திருக்கிறான், கடை வாசலில் ஊராரும் போட்டுக்கொள்கிற மாதிரி சார்ஜர் வைக்க வேண்டும், வேலை முழுவதும் நீங்களே எடுத்துச் செய்ய முடியுமா என்று கேட்டார்.

கொளஞ்சி எண்ணெய்க் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு, போனைத் தோளில் இடுக்கினார்.

"செய்யலாங்க பாய். மிஷினு எங்க வேணா வெச்சிக்கலாம். மொதல்ல ஒண்ணு சொல்லுங்க. உங்க கடைக்கிக் கீழ இருக்குறது மண்ணுதானா?"